புறோச்சின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு சனமாக எமது குடும்பமும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிப் பக்கம் போனது. மழை, சேறு, நெரிசல். அம்மா நூற்சேலையின் தலைப்பை இழுத்துத் தோளில் ஒரு வெள்ளிப் புறோச்சினால் குத்தியிருந்தார். மயில் வடிவப் புறோச். அவருடைய கலியாணத்துக்கு அவருடைய தாயார் கொடுத்தது. விடிந்தபின் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் குந்தியிருந்தபோதுதான் தோளைத் தடவிப் பார்த்தார். ஊசி சேலையிலேயே குத்தியபடி இருந்தது. ஊசியோடு அதன் பிணைச்சலும் இருந்தது. மயிலைக் காணவில்லை.

பிணைச்சலின் அடியில் சாம்பல் நிறத்தில் ஈயம் ஒட்டியிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் அது கழன்றபோது ஒரு கடையில் கொடுத்துத் திருத்தியிருந்தோம். "பின்னேரம் வாங்கோ, செய்து வைக்கிறம்" என்றார்கள். சொன்னபடியே செய்தும் தந்தார்கள். மயிலை நன்றாக மினுக்கியும் விட்டிருந்தார்கள். நாமும் மினுக்கத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். ஒருவராவது திருப்பிப் பார்க்கவில்லை.

வீடும் வெங்காயத் தோட்டமும் கிணறும் விட்டு வந்த இரவில் ஒரு புறோச் போனது பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டையும் தோட்டத்தையும் காப்பாற்ற எமக்கு வழி இருக்கவில்லை. மயிலைக் காப்பாற்ற வழி இருந்தது. ஒழுங்காகச் செய்த ஒரு பிணைச்சல் போதும். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அது எனக்கு உறுத்துகின்றது.

நான் சொல்ல வருவது இதுதான்: வெள்ளி நகையை வாங்கும்போதும், திருத்தும்போதும், அந்தத் தொழிலை எமது பிள்ளைகளுக்குப் பழக்கும்போதும் நாம் பின்பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். முகப்பு அழகுக்கு. பாரத்தைத் தாங்குவது முதுகு.

ஊசி ஏன் கைவிடுகின்றது?

எந்தப் புறோச்சின் பின்பக்கத்திலும் மூன்று உறுப்புகள் உண்டு. ஊசி ஒன்று. ஊசி திரும்புவதற்கான பிணைச்சல் ஒன்று. ஊசியின் நுனியைப் பிடித்து வைக்கும் கொளுக்கி ஒன்று. இந்த மூன்றில் எது தவறினாலும் நகை தவறும். வண்டில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடையாணி கழன்றால் சில்லு போய்விடும் என்பது எமக்குத் தெரியாததல்ல.

முதலாவது குறை ஊசி வளைந்து போவது. இதன் காரணத்தை எமது வேலிக்கம்பியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கட்டுக்கம்பியை வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். முட்கம்பியை வளைத்துவிட்டால் துள்ளிக்கொண்டு திரும்பும். இரண்டும் இரும்புதான். கட்டுக்கம்பி சூடாக்கி ஆறவைத்து மெதுமையாக்கப்பட்டது. முட்கம்பி இழுத்து இறுக்கிய கடினத்தோடு இருப்பது. வெள்ளியும் அப்படியே. கம்பி அச்சில் இழுக்க இழுக்க, சுத்தியலால் தட்டத் தட்ட, முறுக்க முறுக்க அது இறுகி வில்போலத் துள்ளும். நெருப்பில் 600 பாகை செல்சியசுக்கு மேல் சிவக்கக் காய்ச்சினால் அந்தத் துள்ளல் முழுவதும் போய்க் கட்டுக்கம்பிபோல் ஆகிவிடும்.

ஆகவே ஊசியை வைத்துக்கொண்டே பிணைச்சலை நெருப்பில் பற்றவைப்பது பிழையான வேலை. பற்று நன்றாகப் பிடித்திருக்கும், ஊசியோ செத்துப் போயிருக்கும். அன்றே வளையும். நாம் நிமிர்த்துவோம். மறுபடி வளையும், மறுபடி நிமிர்த்துவோம். ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்திய கம்பி வெடித்து முறியும் என்பது வேலி கட்டிய எவருக்கும் தெரியும்.

இரண்டாவது குறை பிணைச்சலுக்குள் இருக்கும் சிறு ஆணி தேய்வது. ஊசி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். நுனி கொளுக்கியைத் தேடித் திரியும். மூன்றாவது குறை பற்றவைத்த இடம் கழருவது. எமது மயிலுக்கு நடந்தது இதுதான்.

ஈயம் வேண்டாம்

ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரணப் பற்று 183 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்குகின்றது. சூட்டுக்கோல் ஒன்று இருந்தால் ஐந்து நிமிட வேலை. வெள்ளிப் பற்றாசு உருகுவதற்கு ஏறக்குறைய 700 தொடக்கம் 780 பாகை வரையில் சூடு வேண்டும். நகைக்கு வழமையாகப் பயன்படும், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி கொண்ட கலப்போ 800 பாகையை அண்டியவுடன் தானே இளகத் தொடங்கிவிடும். பற்று உருக வேண்டும், நகை உருகக் கூடாது. இந்தக் குறுகிய இடைவெளியில் வேலை செய்யக் கையும் கண்ணும் பழகியிருக்க வேண்டும். சிலர் ஈயத்துக்குப் போவதன் காரணம் இதுவே.

ஈயம் மெதுமையான உலோகம். பிணைச்சல் உட்காரும் இடமோ ஒரு நெல்மணி அளவு. அந்தச் சிறு இடத்தில் சேலைத் தலைப்பின் இழுவை நாள்தோறும் விழும்போது ஈயம் தாங்காது. அதைவிடப் பெரிய கேடு பின்னால் வருகின்றது. ஈயம் ஒட்டியிருக்கும் வெள்ளியைப் பிறகொரு நாள் முறையாகப் பற்றவைக்க நெருப்பில் காட்டினால், ஈயம் வெள்ளிக்குள் இறங்கி அதை அரித்துக் குழியாக்கிவிடும். ஒரு துளி ஈயம் ஒரு நல்ல நகையில் ஓட்டை போடப் போதும். நல்ல பத்தர் ஒருவர் நெருப்பை மூட்டும் முன் ஈயம் முழுவதையும் சுரண்டி, அரத்தால் அராவித் துப்பரவாக்குவது இதனால்தான். முன்பு ஈயம் வைத்துத் திருத்திய நகை என்றால் அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பசையால் ஒட்டுவதும் இதே கதைதான். வியர்வையும் மழையும் இழுவையும் சேர்ந்து அதைக் கழற்றிவிடும். ஒட்டிய பசையைக் களைவது திருத்துபவருக்கு இன்னொரு வேலை.

"கல் வைத்த புறோச்சை நெருப்பில் காட்ட முடியாது, ஈயம்தான் வழி" என்று சில தொழிலாளர்கள் சொல்வார்கள். முதற்பாதி உண்மை. முத்தும் கண்ணாடிக் கல்லும் அந்தச் சூட்டைத் தாங்கமாட்டா. ஆனால் வேறு வழி உண்டு. ஒரு வெள்ளிப் பட்டையில் பிணைச்சலையும் கொளுக்கியையும் தனியாகப் பற்றவைத்து, ஆறியபின் அந்தப் பட்டையைப் புறோச்சின் முதுகில் சிறு ஆணிகளால் இறுக்கலாம். புறோச்சுக்கு நெருப்பே தேவையில்லை. மெல்லிய தகட்டில் செய்த நகைக்கு இந்தப் பட்டை ஒரு முதுகெலும்பாகவும் இருக்கும்.

நல்ல திருத்தம் எப்படி இருக்கும்?

முதலில் பிணைச்சலும் கொளுக்கியும் மட்டும் பற்றவைக்கப்பட வேண்டும். இரண்டும் உட்காரும் இடம் சமதளமாக, துப்பரவாக இருக்க வேண்டும். வெண்காரம் பூசி, பற்றாசுத் துணுக்கை வைத்து, புறோச் முழுவதையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். உலோகங்களில் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. சுவாலையைப் பிணைச்சலில் மட்டும் பிடித்தால் சூடு பெரிய தகட்டுக்குள் ஓடிவிடும். தகடு சூடேற முன்னரே சின்னப் பிணைச்சல் உருகிப்போகும்.

ஊசி கடைசியில், நெருப்பு வேலை எல்லாம் முடிந்து நகை ஆறியபின், சிறு ஆணியொன்றால் பிணைச்சலில் கோக்கப்பட வேண்டும். இது தலையாய விதி. இப்படிக் கோத்த ஊசி தன் துள்ளலை இழக்காது. பத்து வருடம் கழித்துத் தேய்ந்தாலும் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிய ஊசி போடலாம், நெருப்பே வேண்டாம். திரும்பத் திருத்தக்கூடியதாகச் செய்வதுதான் உறுதியான வேலை என்பது என் எண்ணம்.

ஊசிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பான கம்பி போதும். வெள்ளியென்றால் நன்றாக இழுத்த கம்பியாக இருக்க வேண்டும். ஒரு நுனியை அசையாமல் பிடித்து மறு நுனியைக் குறட்டால் சில சுற்று முறுக்கினால் இன்னும் இறுகும். ஜேர்மன் சில்வர் கம்பி வெள்ளியைவிடக் கடினம். ஆனால் பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், நாகம் சேர்ந்த கலப்பு அது. நிக்கல் பட்டால் தோல் கடிப்பவர்கள் உண்டு. அப்படியான கம்பியைப் போட்டால் வாங்குபவரிடம் சொல்லிவிடுவதே நேர்மை. இரும்பு ஊசி உறுதியானது. ஆனால் துருப்பிடித்துச் சேலையில் கறை வைக்கும்.

இன்னொரு நுட்பம் உண்டு. கொளுக்கியிலிருந்து விடுபட்ட ஊசி சற்று நிமிர்ந்து, ஒரு சாய்வில் நிற்க வேண்டும். அதை விரலால் அமர்த்தித்தான் கொளுக்கிக்குள் விடக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்கு ஊசியின் அடிப்பாகம் தகட்டில் முட்டி நிற்கும்படி அராவிப் பொருத்துவார்கள். அந்த முட்டு இல்லாவிட்டால் ஊசி கதவுபோல முழுவதும் விரிந்து தொங்கும். கொளுக்கிக்குள் அதை அழுத்தி வைக்க ஒரு விசையும் இராது. நடக்க நடக்க வெளியே வந்துவிடும்.

இடமும் முக்கியம். பின்பக்கம் பார்க்கும்போது பிணைச்சல் வலப்பக்கமும் கொளுக்கி இடப்பக்கமும் இருக்கட்டும். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு அது வசதி. இரண்டும் புறோச்சின் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே அமைய வேண்டும். கீழே அமைந்தால் தலைப்பாரத்தால் புறோச் முன்பக்கம் கவிழும். கொளுக்கியின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போது புறோச்சின் பாரமே கொளுக்கியை ஊசியின் மேல் தொங்க வைக்கும். வாய் மேல்நோக்கி இருந்தால் அதே பாரம் கொளுக்கியை ஊசியிலிருந்து கழற்றும். ஊசியின் நுனி கொளுக்கியைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நிற்கட்டும். புறோச்சின் ஓரத்தைத் தாண்ட வேண்டாம். நுனியை அராவி, மெல்லிய அரத்தாளால் அழுத்தமாக்கினால் நூலை அறுக்காமல் நூல்களுக்கு இடையில் புகும்.

கடையிலேயே செய்யும் சோதனை

இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டியது தொழிலாளி. நாம் செய்ய வேண்டியது நான்கே காரியம். புறோச்சைத் திருப்பிப் பிணைச்சலின் அடியைப் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் திரண்டு கிடந்தால் அது ஈயம். ஊசியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. ஊசியை மெல்ல அமர்த்தி விடுங்கள், தானாகத் துள்ளி எழ வேண்டும். கடைசியாக உங்கள் சேலைத் தலைப்பையோ சால்வையையோ இரண்டாக மடித்துக் குத்திப் பூட்டி, துணியைப் பிடித்து உதறிப் பாருங்கள். ஊசியும் கொளுக்கியும் அசையாமல் இருந்தால் காசைக் கொடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மண்வெட்டி வாங்கும்போது பிடியைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகின்றோமா? நல்ல தொழிலாளி இதைக் கண்டு கோபிக்கமாட்டார். தன் வேலையின் அருமை தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று சந்தோசப்படுவார்.

"வெள்ளிதானே" என்பவர்களுக்கு

தங்கமென்றால் பத்துத் தரம் பார்ப்போம், வெள்ளிதானே என்று விட்டுவிடுகின்றோம். ஆனால் தங்கம் எத்தனை குடும்பங்களிடம் மிஞ்சியது? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, முதலில் காப்பு, பிறகு சங்கிலி, கடைசியில் தாலிக்கொடி என்று அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்குமாக விற்றவர்கள் நாம். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது என்பதால் பெட்டிக்குள் தப்பிக் கிடப்பது வெள்ளிதான். பல வீடுகளில் பேரப்பிள்ளைக்குக் காட்ட இருக்கும் ஒரே பழைய பொருளும் அதுவே.

ஊசி முறிந்த புறோச்சை விற்கக் கொண்டுபோனால் அதை உடைசலாக நிறுப்பார்கள். பாட்டியின் மயிலுக்கும் வெட்டிப்போட்ட கம்பிக்கும் தராசில் வித்தியாசம் கிடையாது. செய்கூலி போய்விடும், நினைவும் போய்விடும். இத்தனைக்கும் குறைந்துபோன பொருள் எவ்வளவு? ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் ஐந்து சென்ரிமீற்றர் நீளமும் உள்ள வெள்ளி ஊசி அரைக் கிராம்கூட நிறை வராது. அந்த அரைக் கிராமுக்காகவும் ஒரு மணிநேர வேலைக்காகவும் முழு நகையையும் உருக்கக் கொடுக்கின்றோம்.

"சட்டைப்பின் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. நாளாந்தம் போதும். அதைப் பழிக்க நான் வரவில்லை. 1849 இல் அமெரிக்காவில் வோல்ற்றர் ஹன்ற் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கம்பியை வளைத்து, ஒரு முனையில் சுருள் வைத்து, மறு முனையில் நுனியை மூடும் கொளுக்கி வைத்தார். அதன் சூட்சுமமும் மேலே சொன்னதுதான்: துள்ளும் கம்பி, அமர்த்தி வைக்கும் கொளுக்கி. சில சதத்துக்கு விற்ற பின்னில் இருக்கும் அந்தத் துள்ளல் பாட்டி தந்த வெள்ளிப் புறோச்சில் இல்லாமல் இருப்பது எமக்கு வெட்கம் அல்லவா?

பயிற்சி கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

சுயதொழில் என்ற பெயரில் எமது பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் நகை வேலை பழக்கும் வகுப்புகளில் சிலவற்றைப் பார்த்திருக்கின்றேன். பூ, மயில், அன்னம் என்று முகப்பைச் செய்யப் பழக்குகின்றார்கள். பின்னுக்குக் கடையில் வாங்கிய ஆயத்த ஊசியொன்றை ஈயத்தால் ஒட்டிவிடுகின்றார்கள். கண்காட்சியில் மேசைமேல் வைத்தால் அழகாகத்தான் இருக்கின்றது. வாங்கியவர் இரண்டாம் நாள் அதைத் தொலைத்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் வருவாரா? பழகிய பிள்ளையின் தொழில் அத்தோடு படுத்துவிடுகின்றது. குறை பிள்ளையில் இல்லை, பாடத்தில்தான்.

என் கருத்து, திருத்தும் வேலையை முதலில் பழக்க வேண்டும், செய்யும் வேலையை அதன்பின். முதல் மாதம் ஊசி இழுத்தல், முறுக்குதல், நுனி அராவுதல், ஆணி கோத்தல். இவற்றுக்கு நெருப்புத் தேவையில்லை. வீட்டு முற்றத்தில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் செய்யக்கூடியவை. அதன்பின் அனுபவமுள்ள பத்தர் ஒருவரின் பக்கத்தில் இருந்து நெருப்பு வேலை. அதில் விளையாட்டு இல்லை. பழைய வகை வெள்ளிப் பற்றாசுகள் சிலவற்றில் கட்மியம் உண்டு, அதன் புகை நஞ்சு. கட்மியம் இல்லாத பற்றாசையே கேட்டு வாங்க வேண்டும். கழுவும் அமிலத்தைக் கலக்கும்போது எப்போதும் தண்ணீருக்குள் அமிலத்தை விட வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை விடக்கூடாது. காற்றோட்டமான இடமும், குழந்தைகள் அண்டாத தூரமும் வேண்டும். எமது முதியவர்கள் புளியைக் கொண்டும் வெள்ளியைத் துப்பரவாக்கினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தத் தொழிலின் ஆயுதங்களை எண்ணிப் பாருங்கள். குறடு இரண்டு, அரம் இரண்டு, சாமணம், சிறு சுத்தியல், கம்பி அச்சு, ஊதுகுழல். ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் அடங்கிவிடும். காணி எம்மோடு வராது என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். ஆடுமாடும் உழவு இயந்திரமும் பின்னால் வரவில்லை. இந்தப் பெட்டி வரும். நான் தோட்டத்தை விட்டுவிட்டு நகைத்தொழிலுக்குப் போகச் சொல்லவில்லை. காணி திரும்பக் கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பத்துக்கும், கிடைத்த காணியில் மழையைப் பார்த்துக் காத்திருக்கும் குடும்பத்துக்கும், இடைக்காலத்தில் கையில் ஒரு வேலை இருக்கட்டும் என்கிறேன். ஊர் முழுவதும் புதுநகை வாங்கும் நிலையில் இல்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஊசி முறிந்த ஏதோ ஒன்று கிடக்கின்றது. வேலைக்குப் பஞ்சமில்லை.

தட்டார் பட்டறையில் பொடி வைத்து ஊதுவார்கள். மறைபொருளாகப் பேசுவதைப் பொடி வைத்துப் பேசுவது என்று நாம் சொல்வது அந்தப் பட்டறையிலிருந்து வந்த பேச்சு. நான் பொடி வைக்காமலே சொல்லிவிட்டேன்.

அம்மா அந்த ஊசியை எறியவில்லை. வன்னிக்கும் கொண்டுபோனார், திரும்பியும் கொண்டுவந்தார். ஈயம் ஒட்டிய பிணைச்சலோடு அது இன்னும் எம்மிடம் இருக்கின்றது. தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் காட்டுகின்றேன். உங்கள் பெட்டிக்குள் கிடக்கும் புறோச்சையும் இன்று எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பிணைச்சலில் ஈயம் தெரிந்தால், அடுத்த முறை அதைக் குத்திக்கொண்டு வெளிக்கிடும் முன் நல்ல பத்தர் ஒருவரிடம் கொடுங்கள்.